வெளிற்றுக்கு விலை அதிகம்

கிரிக்கெட் மட்டைக்கான மரத்தைத் தரம் பிரிக்கிறவர்கள் அதை அடித்துப் பார்த்துப் பிரிப்பதில்லை. கண்ணால் பார்க்கிறார்கள். கோடு நேராக ஓடுகிறதா, முகம் வெளுப்பாக இருக்கிறதா, கறை உண்டா, கணு உண்டா, இவ்வளவுதான். அந்தப் பார்வையில் 'கிரேட் 1' என்று விழுந்தால் ஒரு விலை, 'கிரேட் 3' என்று விழுந்தால் அதற்கு ரொம்பக் கீழே இன்னொரு விலை. பந்து எதில் பட்டால் வேகமாகப் பறக்கும் என்பது இந்தக் கணக்கில் நேரடியாக வருவதே இல்லை.

இதைப் பீடோங்கில் இருந்து எழுதுகிறேன். மலேசியாவில் கெடா மாநிலம், ஜெராய் மலைக்குத் தெற்கே, சுற்றிலும் கித்தாத் (ரப்பர்) தோட்டமும் செம்பனையும். இந்த ஊரில் கால்பந்துதான் விளையாட்டு; மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. கிரிக்கெட் இப்போது உயிரோடு இருக்கிறதென்றால் அதற்குப் பாதிக் காரணம் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்த வங்காளதேசத்துப் பையன்கள். ஞாயிறு மத்தியானம் திடலில் டேப் சுற்றிய டென்னிஸ் பந்தை வைத்து அவர்கள் ஆடுவார்கள்; நம் பிள்ளைகள் எல்லையில் பந்து பொறுக்கப் போய் அப்படியே ஆட்டத்தில் சேர்ந்துகொள்வார்கள். என் அக்கா மகன் அப்படிக் கற்றுக்கொண்டவன்தான். இப்போது அவனுக்குத் தோல் பந்து ஆட வேண்டும். தோல் பந்துக்கு வேறு மட்டை வேண்டும்.

"மாமா, இது கிரேட் ஒன் பிளஸ் மாமா. பதினோரு கிரேன் இருக்கு, எண்ணிப் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினான். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று இருந்தது. விலை ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல்.

நான் சுங்கைப் பட்டாணிப் பக்கம் பால்மரப் (ரப்பர் மரம்) பலகை அறுக்கும் ஆலையில், பலகை காயவைக்கும் சூளைப் பிரிவில் வேலை பார்த்தவன். மரத்தின் ரேகையை எண்ணி விலை சொல்கிற வியாபாரத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த ஆச்சரியத்தில் தோண்ட ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டுக்குத் தரம் பிரிப்பது புதிதில்லை. அப்பா தோட்டத்து ஸ்டோரில் கிராணி, அதாவது எழுத்தர். பால் ஸ்டோருக்கு வந்து, அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் கொடுத்து வரிவரியாகப் பிழிந்து, புகைக்கூடத்தில் சில நாள் தொங்கவிட்டு எடுத்தால் தேன் நிறத்தில் ரப்பர் ஷீட் கிடைக்கும். அதைத்தான் ஆர்.எஸ்.எஸ். என்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரை தரம். ஒன்றுக்கும் மேலே 'ஒன் எக்ஸ்' என்று ஒரு விசேஷம். அப்பா ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்குவார். உள்ளே குமிழி இருந்தால் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பூசணம் பிடித்திருக்கிறதா, புகை அதிகமாகிக் கருத்திருக்கிறதா, பட்டைத் தூள் ஒட்டியிருக்கிறதா, எல்லாம் ஒரே பார்வையில். பக்கத்தில் கத்தரிக்கோல் இருக்கும். ஓரத்தில் மட்டும் குறை என்றால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒன்றாம் நம்பரில் போடுவார். "குண்டூசித் தலை அளவுக் குமிழி அங்கொண்ணு இங்கொண்ணு இருந்தா பரவால்ல. ஒரே இடத்துல கூடி இருக்கக் கூடாது" என்பது அவர் வாய்ப்பாடு. அது அவர் சொந்தச் சரக்கு இல்லை. சர்வதேச வணிகத் தரத்திலேயே கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருக்கிறது.

கிரிக்கெட் மட்டைக்கான மரம் வில்லோ. அந்த வியாபாரமும் இதே ஜன்னல் வெளிச்ச வியாபாரம்தான். மரம் மட்டும் வேறு.

அந்த மரத்துக்குத் தாவரப் பெயர் சாலிக்ஸ் ஆல்பா, அதில் கேருலியா என்கிற வகை. இங்கிலாந்தில் எசெக்ஸ், சஃபோக் பக்கம் ஓடைக் கரைகளிலும் ஈர நிலத்திலும் வளர்க்கிறார்கள். எசெக்ஸில் கிரேட் லேய்ஸ் என்ற ஊரில் ஜே.எஸ். ரைட் அண்ட் சன்ஸ் என்ற குடும்ப நிறுவனம் 1894 முதல் இந்த மரத்தையே தொழிலாக வைத்திருக்கிறது. உலகத்து மட்டை செய்கிறவர்களில் பெரும்பாலோர் அவர்களைப் போன்ற சிலரிடமிருந்துதான் மரம் வாங்குகிறார்கள். மீரட்டிலும் ஜலந்தரிலும் இந்தியப் பெயரோடு வெளிவரும் விலையுயர்ந்த மட்டைகளுக்கும் மரம் அங்கிருந்துதான் கப்பலேறுகிறது.

நடுவது சுலபம். வேரில்லாத நீளக் கழியை வெட்டி, முருங்கைப் போத்து ஊன்றுவது மாதிரி ஈர மண்ணில் ஊன்றிவிடுகிறார்கள். பிடித்துக்கொள்கிறது. கஷ்டம் அதற்குப் பிறகு. அடிமரத்தில் பக்கத் துளிர் எட்டிப்பார்க்கும்போதே கையால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஒரு துளிரை விட்டுவிட்டால் அது கிளையாகும், கிளை கணுவாகும், அந்தக் கணு பதினைந்து வருஷம் கழித்து ஏதோ ஒரு மட்டையின் நடு முகத்தில் வந்து நிற்கும். பாக்டீரியாவால் வரும் 'வாட்டர்மார்க்' என்றொரு நோயும் உண்டு. அது பிடித்தால் மரத்துக்குள் கறை ஓடி, கட்டை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட மரத்தை மட்டைக்கு எடுப்பதில்லை, வெட்டி அழித்துவிடுவார்கள். பால்மரத்தைப் பால் எடுத்து முடித்து, 25, 30 வயதில்தான் நாம் வெட்டுகிறோம். வில்லோ 15 முதல் 20 வருஷத்தில் விழுகிறது.

வெட்டும்போது மரத்தின் சுற்றளவு சுமார் 140 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அக்கா மகனையே கணக்குப் போடச் சொன்னேன். 140 சுற்றளவு என்றால் நடுவிலிருந்து பட்டை வரை சுமார் 22 சென்டிமீட்டர். 15 வருஷத்தில் 22 என்றால் வருஷத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர். மட்டையின் அகலம் சட்டப்படி 10.8 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அப்படியானால் அந்த அகலத்துக்குள் எத்தனை வருஷம் அடங்கும்? ஏழு. அதே மரம் 20 வருஷம் எடுத்து அதே பருமனுக்கு வந்திருந்தால்? ஒன்பது, பத்து.

கிரேன் என்று பையன்கள் சொல்கிற கோடு இதுதான். ஒரு கோடு, ஒரு வருஷம். பதினோரு கோடு இருந்தால் மரம் நிதானமாக வளர்ந்தது. ஆறு கோடு இருந்தால் நல்ல தண்ணீரும் வெயிலும் கிடைத்து மளமளவென்று வளர்ந்தது. கோட்டின் எண்ணிக்கை மரத்தின் வளர்ச்சி வேகத்தைச் சொல்கிறது. நிதானமாக வளர்ந்த மரம் நிலத்துக்காரருக்குக் கூடுதல் வருஷம் செலவு வைக்கிறது, அப்படிப்பட்ட மரம் குறைவாகவும் கிடைக்கிறது. விலை ஏறுவதில் அதிசயம் இல்லை. ஆனால் கோடு கூடினால் அடி கூடும் என்று கடைக்காரர் சொல்கிறாரே, அது வேறு சங்கதி. அதற்கு வருகிறேன்.

வெட்டிய மரத்தைச் சுமார் 70 சென்டிமீட்டர் நீள உருளைகளாக அறுக்கிறார்கள். உருளையை ரம்பத்தால் பிளப்பதில்லை. ஆப்பு வைத்து அடிக்கிறார்கள். மரம் தன் இழையோடு தானே பிளக்கும், இழை கோணல் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். கேக் துண்டம் போட்டதுபோல் நடுவிலிருந்து பட்டைக்குப் பிளாச்சு பிளாச்சாக வரும். பிறகுதான் ரம்பம். முரட்டு மட்டை வடிவத்துக்கு அறுத்து, இரண்டு முனையிலும் மெழுகு பூசிக் காயவைக்கிறார்கள். மெழுகு எதற்கென்று எங்கள் சூளையில் வேலை செய்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும். ஓடவிட்டால் முனை வெடிக்கும். ஈரப்பதம் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு அளவுக்கு இறங்கியதும் பிளாச்சு மட்டை செய்கிறவர் கைக்குப் போகும்.

கையில் ஒரு மட்டை இருந்தால் இப்போதே தலைகீழாகப் பிடித்து அடிமுனையைப் பாருங்கள். கோடுகள் முகத்திலிருந்து முதுகை நோக்கி ஓடுவது தெரியும். மட்டையின் ஒரு ஓரம் மரத்தின் பட்டைப் பக்கம் இருந்தது, இன்னொரு ஓரம் மரத்தின் நடுவைப் பார்த்து இருந்தது. அதனால்தான் நிறைய மட்டைகளில் ஒரு ஓரம் மட்டும் சிவந்து, பழுப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு மரத்தின் வைரம், அதாவது நடுவில் இறுகிய பகுதி. வெள்ளைப் பகுதி வெளிறு, பட்டையை ஒட்டிய பகுதி.

நம் தச்சர்களுக்கு இது தலைகீழாகப் படும். வைரம் பாய்ந்த கட்டை என்றால் நமக்கு அது மரியாதை. வெளிற்றை உளுக்கும் பூச்சிக்கும் ஆகும் என்று செதுக்கித் தள்ளிவிடுவோம். வில்லோவில் வைரம்தான் குறை. வைரம் கனம் அதிகம், கொஞ்சம் கடினம், பார்வைக்கு முகத்தைக் கெடுக்கிறது. முழுக்க வெளிறாக, பால் வெள்ளையில் இருக்கும் பிளாச்சுக்குத்தான் முதல் மரியாதை.

தரங்கள் ஏறக்குறைய இப்படி விழுகின்றன. கோடுகள் நேராக, ஒரே சீரான இடைவெளியில், ஆறுக்கு மேல் இருந்து, முகத்தில் கறையோ புள்ளியோ இல்லாமல், ஓரத்தில் சிவப்பு இருந்தாலும் சிறிதாக இருந்தால் கிரேட் 1. அதிலும் பொறுக்கியெடுத்தது ஒன் பிளஸ். அங்கங்கே ஒரு புள்ளி, கொஞ்சம் கூடுதல் சிவப்பு, கோடு சற்றே வளைவு என்றால் இரண்டு. கோடு குறைந்து, சிவப்பு முகத்தின் பாதி வரை வந்து, கறையும் தெரிந்தால் மூன்று. அதற்கும் கீழே போவதை வெளுக்கவைத்து, மேலே ஒட்டுத் தாள் போட்டு மூடி விற்பார்கள்; மூடியதற்குள் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

'வண்ணத்துப்பூச்சி' என்று ஒரு வகை தனியாக இருக்கிறது. கோட்டுக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி பழுப்புக் கறை வரிசையாக வரும். பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. கெட்டியான கட்டை, சீக்கிரம் உடையாது என்று பழைய ஆட்டக்காரர்கள் தேடி வாங்குவார்கள். கறைக்காகத் தரம் இறங்கி, விலையும் இறங்கியிருக்கும். அப்பாவின் ஸ்டோரிலும் இந்த வகை உண்டு: புகை கொஞ்சம் கூடிப்போன ஷீட். நிறம் கருப்பு. இழுத்தால் நல்ல ரப்பரைப் போலவேதான் இழுபடும். தரம் மட்டும் இரண்டு படி கீழே.

இந்தத் தரங்களுக்கு உலகப் பொது அதிகாரி யாரும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிளாச்சு விற்கிறவர் ஒரு தரம் போடுகிறார். மட்டை செய்கிறவர் செதுக்கிய பிறகு உள்ளே ஒளிந்திருந்த புள்ளி வெளிவந்தால் வேறு தரம் போடுகிறார். கம்பெனி அதற்கு மேல் 'பிளேயர்ஸ்', 'லிமிடெட்', 'ரிசர்வ்' என்று பட்டுச்சட்டை மாட்டுகிறது. ஒரு கம்பெனியின் இரண்டு இன்னொரு கம்பெனியின் ஒன்றாக இருக்கலாம். அக்கா மகனுக்கு இதை விளக்கியபோது, "அப்ப கிரேட் ஒன்னுன்னா என்னா மாமா அர்த்தம்?" என்றான். நியாயமான கேள்வி. முகம் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். நேர்க்கோட்டு மரம் பிளக்காமல் நிற்கும் வாய்ப்பு அதிகம் என்றும் ஓரளவுக்கு அர்த்தம். அவ்வளவுதான்.

அடியின் வேகத்தைத் தீர்மானிக்கிறவை கண்ணுக்குத் தெரியாதவை. முதலாவது அடர்த்தி. ஒரே பருமனில் இரண்டு பிளாச்சு எடுத்தால் ஒன்று லேசாக இருக்கும், இன்னொன்று கனக்கும். லேசான பிளாச்சில் மரத்தை அதிகம் விட்டுவைத்துத் தடிமனான மட்டை செய்யலாம். கனமானதைச் செதுக்கிச் செதுக்கி எடை குறைக்க வேண்டும். இரண்டாவது ஈரப்பதம். மூன்றாவது, எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது, அழுத்தம். வில்லோ மென்மையான மரம். அப்படியே தோல் பந்தை அடித்தால் குழி விழும். அதனால் செதுக்குவதற்கு முன் இரும்பு உருளைக்கு அடியில் கொடுத்து முகத்தை நசுக்குகிறார்கள். மேல் தோல் இறுகும், உள்ளே மரம் மென்மையாகவே இருக்கும். அந்த இரட்டைத் தன்மைதான் பந்தைத் திருப்பி எறிகிறது. அழுத்தம் கூடினால் மட்டை மரத்துப்போகும், குறைந்தால் நாலு ஓவரில் முகம் பள்ளமாகும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது ஒவ்வொரு பிளாச்சுக்கும் வேறு. அதை அறிவது செய்கிறவரின் கைப்பழக்கம். எந்த லேபிளிலும் அது ஏறாது.

கோடு கூடினால் அடி கூடுமா என்ற விஷயத்துக்கு வருவோம். மட்டை செய்கிறவர்கள் பொதுவாகச் சொல்வது: நெருக்கமான கோடுள்ள மட்டை சீக்கிரம் பதத்துக்கு வரும், சீக்கிரம் ஓய்ந்தும் போகும். அகலக் கோட்டு மட்டை பதத்துக்கு வர நாள் எடுக்கும், வந்த பிறகு நீண்ட நாள் உழைக்கும். இதை நம்பலாம் என்று நினைக்கிறேன். மாதாமாதம் மட்டை மாற்ற வசதியுள்ள தொழில்முறை ஆட்டக்காரருக்கு முதல் வகை சரி. பீடோங் திடலில் மூன்று வருஷம் ஒரே மட்டையை ஓட்டப்போகிற பையனுக்குப் பதினோரு கோடு எதற்கு?

ரப்பர் இந்தக் கண் வைத்தியத்திலிருந்து ஒருமுறை வெளியே வந்தது. 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தபோது பார்வைத் தரம் ஓரம் போய், ஆய்வுக்கூட எண் வந்தது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, சூட்டைத் தாங்குமா என்று சோதித்துச் சான்றிதழோடு கட்டிகளாக விற்றார்கள். எஸ்.எம்.ஆர். 5 என்றால் அழுக்கு 0.05 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெயரிலேயே எண் இருக்கிறது. டயர் செய்கிறவருக்கு ஷீட் தேன் நிறமா கருப்பா என்பதில் அக்கறையே இல்லை, உள்ளே மணல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பா தலைமுறைக்கு அது சின்ன அவமானம். "முப்பது வருசம் கண்ணால பாத்ததை ஒரு பாட்டில் ஆசிட்ல கரைச்சுப்புட்டானுங்க" என்று இப்போதும் சொல்வார். ஆர்.எஸ்.எஸ். முழுக்கச் செத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார். உண்மைதான், பார்வைத் தர ஷீட்டுக்கு இன்றும் சந்தை இருக்கிறது.

வில்லோவுக்கு ஒரு எஸ்.எம்.ஆர். ஏன் வரவில்லை? ரப்பர் கலந்து போகிற பொருள். பல மரத்துப் பால் ஒரே தொட்டியில் கலக்கிறது; ஒரு துண்டு வெட்டிச் சோதித்தால் மொத்தக் கட்டிக்கும் அது பேசும். பிளாச்சு அப்படி இல்லை. ஒரே மரத்தின் அடுத்தடுத்த இரண்டு பிளாச்சுகளே வேறு வேறு. இதை வெட்டிச் சோதித்தால் இது போய்விடும், பக்கத்துப் பிளாச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எடை பார்க்கலாம், ஈரமானி வைத்துப் பார்க்கலாம். பந்து எப்படித் துள்ளும் என்பது செதுக்கி, அழுத்தி, பிடி மாட்டி முடித்த பிறகு சுத்தியலால் தட்டிக் கேட்டால்தான் தெரியும். அதற்குள் விலை போட்டாகிவிட்டது. எனவே கண்தான் நீதிபதி. இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாங்குகிறவர் முக அழகுக்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

சட்டம் வில்லோ என்று எங்குமே சொல்லவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. கிரிக்கெட்டின் ஐந்தாம் விதி மட்டையின் அலகு (பிடிக்குக் கீழே பந்தை அடிக்கும் பகுதி) மரத்தால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்கிறது. 1979 டிசம்பரில் பெர்த்தில் ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கி, நடுவர்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போன கதைக்குப் பிறகு வந்த தெளிவு அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2021இல் மூங்கிலை ஒட்டி ஒரு மட்டை செய்து நன்றாக அடிக்கிறது என்று காட்டினார்கள். மூங்கில் புல் வகை, மரமாகாது என்று கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. தள்ளிவிட்டது. ஆக மூங்கில் செல்லாது, பால்மரம் செல்லும்! நாங்கள் சின்ன வயதில் ஆடியது பால்மர மட்டையில்தான். தோட்டத்துத் தச்சர் கதவுச் சட்டத்துக்கு வைத்திருந்த பலகையில் அறுத்துக் கொடுத்தது. உலகின் எந்த நடுவரும் அதைத் தடுத்திருக்க முடியாது. எங்கள் மணிக்கட்டுதான் தடுத்தது. காய்ந்த பால்மரம் கன மீட்டருக்கு 600 கிலோவை ஒட்டி நிற்கும், வில்லோ 400ஐ ஒட்டி. பந்து பட்டதும் அதிர்வு முழங்கை வரை ஏறும். மரம் நசுங்கிக் கொடுக்காததால் அத்தனையும் கையில்தான் இறங்கும்.

கையில் காசு குறைவென்றால் காஷ்மீர் வில்லோ. அனந்தநாக் மாவட்டத்தில் சங்கம், பிஜ்பெஹாரா பக்கம் நெடுஞ்சாலை ஓரமெங்கும் மட்டைப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கத்திய மரம் பழுப்பு கூடியது, கனம் கூடியது, கோடு அவ்வளவாகத் தெரியாது. 2021 டி20 உலகக் கோப்பையில் ஓமான் வீரர்கள் அதை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள், மட்டமான சரக்கு என்று ஒதுக்க முடியாது. டேப் பந்துக்கும் டென்னிஸ் பந்துக்கும் அதுவே போதும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஆன்லைன் கடைகளில் 'பாப்புலர் வில்லோ' என்று வருவதில். அது வில்லோவே இல்லை, பாப்லர் என்ற வேறு மரம். விளம்பரத்தில் எழுத்து கொஞ்சம் வழுக்கி, பிரபலமான வில்லோ ஆகிவிட்டது. திடலில் பாதிப் பேர் கையில் இருப்பது அதுதான்; தோல் பந்து பட்டால் தாங்காது.

அலகுக்கு இவ்வளவு பேசிவிட்டுப் பிடியைப் பற்றிப் பேசாமல் போனால் நம் காட்டுக்குத் துரோகம். நல்ல மட்டையின் பிடி பிரம்பு. இந்தியக் கடைகள் 'சிங்கப்பூர் கேன்' என்று பெருமையாகப் போடுவார்கள். சிங்கப்பூரில் பிரம்புக் காடு எங்கே இருக்கிறது? நம் பக்கத்திலும் சுமத்ரா, போர்னியோ பக்கத்திலும் வெட்டியது அந்தத் துறைமுகம் வழியாகப் போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தடித்த ரோத்தான் மானாவ் வகைப் பிரம்புதான் இதற்கு உகந்தது. அதைத் துண்டுகளாக அறுத்து, நடுநடுவே ரப்பர் பட்டை வைத்து ஒட்டி, கடைந்து, அலகில் ஆப்பு வடிவில் செருகுகிறார்கள். அதிர்வை அந்த ரப்பர் வாங்கிக்கொள்கிறது. தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் கையில் இருந்த ரோத்தானின் அண்ணன்தான் லார்ட்ஸ் மைதானத்தில் சதம் அடிக்கிறவரின் கையில் இருப்பது. இந்தப் பிரம்பின் தரத்தைப் பற்றி எந்தக் கடைக்காரரும் வாயே திறப்பதில்லை.

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பன்னிரண்டு விழுக்காடு ஈரத்தில் வந்த மரம் இங்கே மழைக்காலத்தில் வெறுமனே மூலையில் கிடந்தாலே ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும், அடி மந்தமாகும். வாங்கும்போது இருந்த எடை ஆறு மாதத்தில் இருக்காது. அடிமுனையில் ஈரம் ஏறாமல் பசை பூசிய ரப்பர் காப்பு போடுவது இங்கே கட்டாயம். ஆளி விதை எண்ணெயைக் கொஞ்சமாகத் தடவினால் போதும், குளிப்பாட்டக் கூடாது. கார் பூட்டில் விட்டுவைப்பது அதைவிட மோசம். வெயிலில் உள்ளே வேகும் சூட்டில் மரம் வறண்டு முகத்தில் வெடிப்பு வந்துவிடும்.

கடைசியில் பையனுக்கு வாங்கியது கிரேட் 3, வண்ணத்துப்பூச்சிக் கறை போட்டது, ஏழு கோடு. சுங்கைப் பட்டாணியில் கடையிலேயே மூன்றைத் தராசில் வைத்துப் பார்த்து, கையில் தூக்கி ஆட்டிப் பார்த்து, கடைக்காரர் கொடுத்த மரச் சுத்தியலால் தட்டிக் கேட்டு எடுத்தது. ஒன் பிளஸுக்கு ஆகும் காசில் மட்டையோடு கால் காப்பும் கையுறையும் தலைக்கவசமும் வந்துவிட்டன. வீட்டில் அப்பா அதை வாங்கி, பழக்கத்தில் வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "என்னாடா இது, நடுவுலயே கறை? இதை மூணுல கூடப் போட மாட்டேன், நாலு" என்றார். "தாத்தா, அது பட்டர்ஃபிளை தாத்தா, அதான் ஸ்ட்ராங்" என்று இவன் வாதாட, இரண்டு பேரும் அரைமணி நேரம் அதிலேயே இருந்தார்கள்.

புது மட்டையைச் சுத்தியலால் பல மணி நேரம் தட்டிப் பதப்படுத்த வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு பலமாக, ஓரங்களைச் சாய்த்துப் பிடித்து. இரவு ஒன்பது மணிக்கு டொக் டொக் என்று ஆரம்பித்தான். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை" என்று வந்து நின்றார். இப்போது பள்ளி விட்டு வந்ததும் திடல் ஓரத்துச் செம்பனைக்கு அடியில் உட்கார்ந்து தட்டுகிறான். முகம் முடிந்துவிட்டது, இடது ஓரம் பாக்கி.